பட்டறை முடிந்த திங்கட்கிழமை

"சார், சனிக்கிழமை பிள்ளைக்கு ஸ்கூல் உண்டுன்னாங்க. இப்ப லீவாம். கேட்டா டீச்சருங்களுக்கு ஒர்க்ஷாப்புங்கறாங்க. பி.எட். முடிச்சுட்டுத்தானே வேலைக்கு வந்தாங்க, இன்னும் என்ன படிப்பு? அதுக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்கறாங்களா?"

திண்டிவனத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளம் தகப்பன் கேட்டது இது. மகள் மூன்றாம் வகுப்பு. பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று எழுதியிருக்கும் பள்ளி. நியாயமான கேள்வி. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பிள்ளையைப் படிக்கவைக்கிற யாரும் கேட்க வேண்டியது. "உட்காருங்க தம்பி, இன்னொரு டீ சொல்லிக்கலாம்" என்று சொல்லி அவருக்கு விளக்கியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பலகையை விட்டுவிடுங்கள். பள்ளி எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஆசிரியருக்கு என்ன பயிற்சி என்பது அமைகிறது. ஐ.பி. என்கிற பாடத்திட்டம் 1968-இல் ஜெனிவாவில் தொடங்கியது. இந்தியாவில் அதை முதலில் எடுத்துக்கொண்டது நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-இல். ஐ.பி. அங்கீகாரம் கேட்கும் பள்ளி முதலில் தன் ஆசிரியர்களை ஐ.பி. அமைப்பின் பட்டறைக்கு அனுப்பியாக வேண்டும். அங்கீகாரம் கிடைத்த பிறகும் விடமாட்டார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மதிப்பீட்டில் யார் யார் என்ன பயிற்சி பெற்றார்கள் என்று காட்ட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று, ஏற்கெனவே நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று, ஏதாவது ஒரு பொருளை ஆழமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வேறொரு ஐ.பி. பள்ளியில் இன்றைக்கும் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பவர்கள். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கேம்பிரிட்ஜ் என்கிற மற்றொரு பாடத்திட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் ஆசிரியர் சான்றிதழ் படிப்பில் சேர்கிறவர், தன் வகுப்பில் செய்து பார்த்ததையும், மற்றொருவர் வந்து கவனித்துச் சொன்னதையும், அதைக் கேட்டுத் தான் மாற்றிக்கொண்டதையும் எழுதித் தொகுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சான்றிதழ்.

நம் பக்கத்தில் 'இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்திருக்கும் பள்ளிகளில் பலவும் இந்த இரண்டுமில்லை, சி.பி.எஸ்.இ. பள்ளிகள். அதில் குறையொன்றும் இல்லை. அங்கேயும் பயிற்சிக்கு விதி இருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வகுத்த அளவு அது. ஏறத்தாழ பாதி நேரம் வாரியமோ அரசு நிறுவனங்களோ நடத்தும் பயிற்சிக்கு. மீதியைப் பள்ளி தனக்குள்ளேயே நடத்திக்கொள்ளலாம், அக்கம்பக்கத்து சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் 'சகோதயா' குழுவிலும் நடத்தலாம். அந்த இளைஞரின் மகளுக்கு விடுமுறை விட்ட சனிக்கிழமை இந்த 50 மணி நேரக் கணக்கில் வந்ததுதான். பள்ளி ஏமாற்றவில்லை.

ஆனால் அந்த ஒரு நாளில் உள்ளே என்ன நடந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். சில பிள்ளைகள் 35 என்று எழுதும். விடை 25. ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போடுவார், மூன்று முறை எழுதி வரச் சொல்வார். பிள்ளை ஏன் 35 என்று எழுதியது? 7-இல் 2 போனால் 5. 5-இல் 2 போனால் 3. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அது மாறாமல் செய்திருக்கிறது. கவனக்குறைவு அல்ல அது, தவறான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியது. இதைக் கண்டுபிடிக்காத வரை மூன்று முறை எழுதினாலும் 35 என்றுதான் மூன்று முறையும் வரும்.

இனி இரண்டு பட்டறைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதலாவதில், வெளியூரிலிருந்து வந்த ரிசோர்ஸ் பர்சன் திரையில் படங்களை ஓட்டுகிறார். இடமதிப்பு முக்கியம், செயல்வழியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும், பிள்ளையை மையமாக வைக்க வேண்டும் என்கிறார். எல்லாம் உண்மை. மதியம் சாப்பாடு, மாலையில் ஃபீட்பேக் ஃபார்ம், சான்றிதழ், குழுப்படம். இரண்டாவதில், ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக் கணக்கு நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்புகிறார்கள். 35 என்று எழுதிய நோட்டை எடுத்து, இது ஏன் வந்தது என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். விளக்குமாற்றுக் குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு என்று வைக்கிறார்கள். ஏழு குச்சி எடுக்க உதிரியில் இல்லை. ஒரு கட்டைப் பிரித்தால் உதிரி பன்னிரண்டு, கட்டு நான்கு. ஏழை எடுத்தால் மிச்சம் ஐந்து, இரண்டு கட்டை எடுத்தால் மிச்சம் இரண்டு. 'கடன் வாங்குவது' என்று நாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தது கையில் நடக்கிறது. பிறகு, செவ்வாய்க்கிழமை இதை யார் வகுப்பில் நடத்துவது, யார் யார் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது என்று பேசி முடிவெடுத்துவிட்டுக் கலைகிறார்கள்.

இரண்டும் பட்டறைதான். இரண்டுக்கும் ஆறு மணி நேரம் கணக்கில் ஏறும்.

அமெரிக்காவில் புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இருவர் 1980-களிலேயே இதைப் பற்றி நிறைய எழுதினார்கள். ஒரு பயிற்சியில் கருத்தை விளக்குவது, செய்து காட்டுவது, ஆசிரியரையே செய்து பார்க்க வைப்பது, பிறகு அவருடைய வகுப்புக்கே போய் உடனிருந்து உதவுவது என்று படிகள் உண்டு. முதல் மூன்றையும் நன்றாகவே நடத்திவிட்டு நான்காவதை விட்டுவிட்டால், கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேர்வது மிகக் குறைவு என்பது அவர்கள் கண்டது. பயிற்சி அறையில் புரிந்ததற்கும் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று செய்வதற்கும் நடுவில் ஒரு பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை ஆசிரியர் தனியாகக் கடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

"அப்ப கவர்ன்மென்ட் ஸ்கூல்ல எப்படி சார்?" என்று கேட்டார் அந்தத் தகப்பன். அங்கே ஏற்பாடு விரிவானது, பழையதும்கூட. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு, ஓர் ஆசிரியர் தன் பணிக்காலத்தின் ஒவ்வோர் ஐந்தாண்டிலும் இரண்டு மூன்று மாதமாவது பணியிடைப் பயிற்சி பெற வேண்டும் என்று சொன்னது. பக்கத்துப் பள்ளிகள் ஒன்று சேர்ந்து ஒன்றுக்கொன்று உதவும் பள்ளி வளாகம் என்ற யோசனையையும் அதே குழு முன்வைத்தது. 1986-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தன. விழுப்புரம் மாவட்டத்துக்கான நிறுவனம் திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் இருக்கிறது. முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மயிலம் தெரியும். ஆசிரியர்களுக்கு அது டயட். அதற்குக் கீழே ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம். அதற்கும் கீழே சில பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம்; சி.ஆர்.சி. என்றால்தான் எல்லோருக்கும் புரியும். ஒலக்கூர், மரக்காணம், வல்லம், வானூர், காணை என்று மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள்.

பயிற்சி இந்தப் படிகளில் இறங்கி வரும். சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்குப் பயிற்சி. அவர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்கு. அவர்கள் வட்டாரத்தில் ஆசிரியர்களுக்கு. மாநிலம் முழுவதும் உள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை ஒரே பருவத்துக்குள் எட்ட இதைவிட வேகமான வழி இல்லை. வீடூர் அணை வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு இதிலுள்ள சிக்கலும் தெரியும்: தலைமடையில் திறந்த தண்ணீர் அப்படியே கடைமடைக்கு வருவதில்லை. மாநிலத்தில் ஐந்து நாள் நடந்தது வட்டாரத்தில் இரண்டு நாளாகும். அங்கே கேட்கப்பட்ட கேள்விகளும் நடந்த விவாதமும் வழியிலேயே வற்றிவிடும். கடைசியில் கையேடும் செயல்பாட்டுப் பட்டியலும் மட்டும் வந்து சேரும். இது கருத்தாளரின் குறையல்ல. அவரும் ஓர் ஆசிரியர்தான். தான் ஒருமுறை கேட்டதை மறுவாரமே மற்றவர்களுக்குச் சொல்லும் இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் மற்றவர் பார்க்கிறார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. அதை இன்றைய இளம் ஆசிரியர்கள் பலர் அறிந்திருப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். 2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை அவர் ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலிக்கு அனுப்பினார். அங்கே பத்மநாப ராவ், ரமா தம்பதியர் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் படிக்கும் முறையை உருவாக்கியிருந்தார்கள். சென்னை ஆசிரியர்கள் அதைப் போய்ப் பார்த்தார்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள், திரும்பி வந்து தங்கள் பிள்ளைகளுக்கான அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். முதலில் 13 பள்ளிகளில் மட்டும் தொடங்கினார்கள். தவறியதை மாற்றினார்கள், மறுபடி எழுதினார்கள். அதுதான் செயல்வழிக் கற்றல், ஏ.பி.எல். பிள்ளை தானே அட்டையை எடுத்துவந்து படிப்பதும், சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை இருப்பதும், ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் பிள்ளைகளோடு உட்கார்வதும் அப்போது வந்தவை.

2007-08 கல்வியாண்டில் அது மாநிலம் முழுவதும் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. நம் மாவட்டத்துக்கும் அட்டைகள் வந்தன. பல பள்ளிகளில் அது பிள்ளைகளின் பயத்தைப் போக்கியது. அந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும், தான் யோசித்து, தவறி, திருத்தி எழுதிய அட்டையை வைத்துக்கொண்டு நடத்துகிற ஆசிரியரும், கட்டுக்கட்டாக வந்து இறங்கிய அட்டையை வைத்துக்கொண்டு நடத்துகிற ஆசிரியரும் ஒரே நிலையில் இருக்க முடியாது. அட்டை ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்பது முதலாமவருக்குத் தெரியும். அவர்தான் அந்த வரிசையைப் போட்டவர்.

கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் திட்டம் அது. பருவத்துக்குப் பருவம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டு. 35 என்று எழுதிய பிள்ளை எந்த நிலையில் நிற்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்கிற அளவில் அது சரியான திசை. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கிவைக்கப்பட்டது நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். அதன் தன்னார்வலர்களுக்குக் கிடைத்த பயிற்சி கொஞ்சம்தான். அதை உடனே தங்கள் தெருப் பிள்ளைகளோடு மாலை வகுப்பில் செய்து பார்க்க வேண்டியிருந்தது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

இன்னொரு ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் அன்றைய ஹோஷங்காபாத். 1972-இல் கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரு அமைப்புகள் சேர்ந்து 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலைச் சோதனை வழியாகக் கற்பிக்கத் தொடங்கின. பின்னர் 1982-இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதை ஏற்று நடத்தியது. கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து கிராமத்து ஆசிரியர்களோடு ஒரே மேசையில் சோதனை செய்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம், மாதந்தோறும் நடந்த கூட்டம். வட்டார ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடி, அந்த மாதம் எந்தச் சோதனை வகுப்பில் வரவில்லை, பிள்ளை என்ன கேட்டது, தனக்கு எதற்குப் பதில் தெரியவில்லை என்று பேசுவார்கள். அடுத்த மாதப் பாடத்தைச் செய்து பார்ப்பார்கள். இடையில் யாராவது ஒருவர் பள்ளிக்கு வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார், உதவுவார். அறிக்கை எழுதி மேலே அனுப்புவதற்காக வருவதில்லை. 2002-இல் அரசு அதை மூடியபோது சுமார் 1,000 பள்ளிகளில் நடந்துகொண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் அதைத் தாங்கி நின்றது அந்த மாதக் கூட்டம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜப்பானில் இதே வேலை ஒரு பள்ளிக்குள்ளேயே நடக்கிறது; நூறாண்டுக்கும் மேலான பழக்கம். நான்கைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். நடத்துகிறவர் எப்படிப் பேசினார் என்பதல்ல பேச்சு. எந்தப் பிள்ளை எங்கே நின்றுபோனது, ஏன் என்பதுதான். பாடத்தைத் திருத்தி இன்னொருவர் இன்னொரு வகுப்பில் நடத்துவார். 1999-இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இருவர் எழுதிய புத்தகத்தால் இது உலகத்துக்குத் தெரிந்தது. இதற்கு ரிசோர்ஸ் பர்சன் வேண்டாம், ஏ.சி. ஹால் வேண்டாம், விமான டிக்கெட் வேண்டாம். ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரு பீரியட் ஓய்வு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒரு பீரியட்தான் நம் ஊரில் கிடைப்பதில்லை. தனியார் பள்ளி ஆசிரியை காலையில் வேனில் ஏறி வருகிறார், ஏழு பீரியட் எடுக்கிறார், நோட்டுத் திருத்துகிறார், பெற்றோர் வாட்ஸ்அப்புக்குப் பதில் எழுதுகிறார், ஆண்டுவிழாவுக்கு நடனம் பழக்குகிறார். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மே மாதத்தில் பயிற்சி கொடுத்த ஆசிரியை அடுத்த மே மாதத்தில் அதே பள்ளியில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. அவர் போகும்போது பயிற்சியும் கூடவே போய்விடுகிறது. இருக்கிறவரைத் தக்கவைத்துக்கொள்வதும் ஆசிரியர் பயிற்சிச் செலவில் சேர்ந்ததுதான் என்று நிர்வாகங்கள் எண்ணத் தொடங்கினால் நல்லது.

நம் மாவட்டத்தைச் சுற்றிப் பாருங்கள். மயிலத்தில் டயட் இருக்கிறது. வானூர் வட்டத்தில் ஆரோவில் இருக்கிறது. 1968-இல் தொடங்கிய அந்த நகரத்தில் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் படிக்கும் 'உதவி' பள்ளி, 'இசை அம்பலம்' பள்ளி போன்றவை கணிதத்தையும் அறிவியலையும் கைகளால் செய்து கற்கும் வழிகளை நெடுநாளாக முயன்று பார்க்கின்றன. புறவழிச்சாலையெங்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகள். ஊருக்குள் அரசுப் பள்ளிகள், உதவிபெறும் பள்ளிகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இவர்கள் எல்லோர் வகுப்பிலும் 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை இருக்கிறது. ஆனால் இந்த ஆசிரியர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசும் நாள் அரிதாகவே வருகிறது. தனியார் பள்ளி சென்னையிலிருந்து ஆளை அழைக்கிறது. பத்துக் கிலோமீட்டரில் பல ஆண்டு ஏ.பி.எல். அனுபவத்தோடு இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியையை அழைப்பதில்லை. ஐ.பி. பட்டறையை இன்றும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களே நடத்துகிறார்கள் என்றேனே, அந்த வசதி நமக்கு வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தில் ஆசிரியையிடம், "போன பட்டறையில் கற்றதை வகுப்பில் செய்து பார்த்தீர்களா, எங்கே கஷ்டமாக இருந்தது?" என்று அன்போடு கேளுங்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டாம். தன் தொழிலைப் பற்றி ஒருவர் அக்கறையோடு கேட்பது அவருக்கும் அபூர்வம். கடினமான கேள்வியைக் கரஸ்பாண்டன்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பட்டறை முடிந்த திங்கட்கிழமை அந்த ஆசிரியையின் வகுப்பில் போய் உட்கார்ந்து உதவியது யார்? ஒரே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து திட்டமிட வாரத்தில் ஒரு பீரியட்டாவது கால அட்டவணையில் ஒதுக்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்தக் கல்வியாண்டிலேயே ஒதுக்குங்கள் என்று கேட்டு வாங்குங்கள். அதற்காக இன்னொரு சனிக்கிழமை பிள்ளை வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை.